தாயார் பக்கம் பேசியவர்

மூஞ்சியை உர்ரென்று வைத்துக்கொண்டு திரிகிற ஆண்பிள்ளைகளுக்கு நம் ஊரில் இருக்கிற மவுசு வேறு யாருக்கும் கிடையாது. சினிமாவிலேயே பாருங்கள், சிரித்த முகமாக வருகிறவன் நண்பன் வேஷத்தோடு நின்றுவிடுவான். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க, யாரோடும் பேசாமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவன்தான் கதாநாயகன். திருவள்ளூர் டூரிங் கொட்டகையில் தரை டிக்கெட்டுப் பெண்கள் அவனுக்காக உச்சுக் கொட்டுவார்கள். "பாவம், மன்சுல இன்னா வெச்சிக்கினு கீறானோ!" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மனசில் இருப்பதை வாயைத் திறந்து சொன்னால் என்னவாம், படம் பாதியில் முடிந்துவிடும், அவ்வளவுதானே?

நாடகத்திலும் இதே கதைதான். எங்கள் தெருப் பையன்கள் ஒரு வருஷம் சமூக நாடகம் போட்டார்கள். மூத்த மகன் வேஷக்காரனுக்கு முதல் இரண்டு காட்சியில் வசனமே கிடையாது, சும்மா முறைத்துக்கொண்டு நிற்பான். அவனுக்குத்தான் கைதட்டல், விசில் எல்லாம். பக்கம் பக்கமாக மனப்பாடம் செய்து பேசிய அப்பா வேஷக்காரருக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

மணவாள நகர் பக்கம் நான் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ளப் போன நாட்களில் வழியில் ஒரு வாலிபால் மைதானம் இருந்தது. அங்கே ஒருவன் எகிறி அடித்தால் பந்து எதிர்ப்பக்கம் மண்ணில் குழி பறிக்கும். ஆனால் எவனாவது, "இன்னாடா இந்த பாலை வுட்டுட்டே?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டியதுதான், போய்ப் புளியமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வான். ஆட்டம் நின்றுவிடும். கூட ஆடுகிறவர்கள் ஒவ்வொருவராகப் போய்த் தாடையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். "வா அண்ணாத்தே, பேஜார் பண்ணாதே அண்ணாத்தே!" என்று ஊரே கெஞ்சும். அவனும் கடைசியில் பெரிய மனது பண்ணி வருவான். வேலி ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என் தோழிகளுக்கு அவன்மேல் ஒரே மயக்கம். எனக்கு அந்தப் பந்தை எடுத்து அவன் மண்டையில் போடலாம் போலிருக்கும்.

இவர்களுக்கெல்லாம் அது வேடிக்கை. எனக்கு அப்படி இல்லை. அந்த மாதிரி ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் பிறந்து வளர்ந்தவள் நான். அவர் என் அப்பா.

அப்பா ஒரு சின்னப் பெருமாள் கோயிலில் பாசுரம் சேவிக்கிற கைங்கர்யத்தில் இருந்தார். ஊரின் பெரிய கோயில் இல்லை, அதற்கும் தள்ளி, வயல் தொடங்குகிற இடத்தில் இருந்த கோயில். அவர் குரல் எட்டு வீட்டுக்குக் கேட்கும். அந்தக் குரலால் எங்களை ஒரு நாளும் அதட்டியதில்லை. கோபம் வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். பிறகு எல்லாம் கனைப்புதான். சின்னதாக ஒன்று கனைத்தால் தண்ணீர் வேண்டும். நீளமாகக் கனைத்தால் மேல்வேஷ்டியைக் காணோம். வாசல் பக்கம் திரும்பிக் கனைத்தால் யாரோ வந்திருக்கிறார்கள், போய்ப் பார். அம்மா அடுப்புக்கும் கூடத்துக்குமாக ஓடுவாள். எதற்குக் கோபம் என்று கேட்டால் அதற்கும் ஒரு கனைப்பு.

பேச்சோடு நின்றால் பரவாயில்லை. கோபம் வந்த நாளிலிருந்து வீட்டில் சாப்பிட மாட்டார். பட்டினி கிடந்தாரா என்றால், அதுதான் இல்லை. கோயிலில் அவருக்கு உள்ள பங்கு வந்துவிடும். காலையில் வெண்பொங்கல், மத்தியானம் புளியோதரை, சாயங்காலம் தயிர்சாதம். மனுஷர் ஒரு வேளைகூட வயிற்றைக் காயப் போட்டதில்லை. காயப் போட்டவள் அம்மா.

"அவர் ஆத்துல கை நனைக்காம நான் எப்படிடி சாப்பிடறது?" என்பாள்.

"அவர் அங்க புளியோதரை சாப்பிட்டுண்டிருக்காரும்மா!"

"அது பெருமாள் போடறது. நான் வடிச்ச சோத்தை அவர் இன்னும் தொடலையே."

வேளை தவறாமல் முழுச் சமையலும் செய்வாள், ஒருவேளை வந்துவிட்டால் என்று. எனக்குப் போடுவாள். மிச்சத்தைப் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாளிடம் கொடுத்தனுப்புவாள். தனக்கு ஒரு டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம். அதையும் சமையலறை மூலையில் சுவரைப் பார்த்து நின்றுகொண்டு சாப்பிடுவாள். எத்தனை முறை சண்டை போட்டிருக்கிறேன் தெரியுமா? சுவரோடு பேசினமாதிரிதான்.

இப்படிப்பட்ட அப்பாவுக்குப் பங்குனி உற்சவத்தில் என்ன வேலை தெரியுமோ? கோபித்துக்கொண்ட தாயாருக்காகப் பேசுகிற வேலை! மட்டையடி என்று அதற்குப் பெயர். பெருமாள் ஊரெல்லாம் சுற்றிவிட்டு நேரம் கழித்து வருவார். அவர் தேவியான தாயார் கோபத்தில் சன்னிதிக் கதவைச் சாத்திக்கொள்வாள். பெருமாளின் பல்லக்கு கதவருகே வந்தால் தாயார் பக்கத்தார் பூப்பந்தை எறிவார்கள், வாழைமட்டையால் பல்லக்குத் தண்டில் தட்டுவார்கள். பல்லக்கு பின்வாங்கும், மறுபடி வரும், மறுபடி அடி வாங்கும். அப்புறம் கதவுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேச்சு நடக்கும். ஏன் தாமதம், யாரைப் பார்க்கப் போனீர், முகம் ஏன் வாடியிருக்கிறது என்று தாயார் கேட்க, பெருமாள் ஆயிரம் சமாதானம் சொல்லி, கடைசியில் சத்தியம் செய்து, கதவு திறக்கும். தாயாருக்காக உள்ளே நின்று பேசுகிறவர் அப்பா. பெருமாளுக்காக வெளியே நின்று பேசுகிறவர் அவர் தம்பி, என் சித்தப்பா. பரம்பரையாக அப்படிப் பிரித்துக்கொண்டது.

அப்பா அதில் மன்னர். ஒரு பெண்ணுடைய மனத்தாங்கலை அவர் எடுத்துச் சொல்லும்போது ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். நானும் சின்ன வயதில் அழுதிருக்கிறேன். விவரம் தெரிந்த பிறகு எனக்கு வேறு மாதிரி எரிச்சல் வந்தது. தாயாருடைய வருத்தம் இவ்வளவு துல்லியமாகத் தெரிகிற மனுஷருக்குச் சமையலறையில் நிற்கிறவளின் வருத்தம் ஏன் தெரியவில்லை?

எழுபதுகளின் நடுவில் ஒரு பங்குனி. கும்மிடிப்பூண்டிப் பக்கம் அப்போதுதான் கம்பெனிகள் வரத் தொடங்கியிருந்தன. சவுக்கை வெட்டிய பொட்டலில் வரிசையாகத் தகரக் கூரைகள் எழும்பிக்கொண்டிருந்தன. சித்தப்பாவுக்கு அங்கே ஓர் இரும்புக் கம்பெனியில் குமாஸ்தா வேலை. சித்தியோடு அங்கேயே குடியிருந்தார், உற்சவத்துக்கு மட்டும் லீவு போட்டுவிட்டு வருவார். பக்கத்துக் கம்பெனியில் டைப்பிஸ்ட் வேலை காலி என்று அவர்தான் சொன்னார். மனுப் போட்டதும் அவர்தான். சித்தியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போய்ப் பரீட்சை எழுதி வந்தேன். எனக்கு அந்த வேலை வேண்டும். வேறு காரணம் ஒன்றும் தேடாதீர்கள். காலையில் எழுந்து, தலை வாரிக்கொண்டு, கனைப்புச் சத்தம் கேட்காத ஓர் இடத்துக்குப் போய் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது.

வேலை கிடைத்துவிட்டது. உற்சவம் முடிந்ததும் வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும், தவறினால் அடுத்தவளுக்குப் போய்விடும் என்று உத்தரவு வந்தது. தபால்காரர் அதை அப்பா கையில் கொடுத்துவிட்டார்.

அப்பா படித்தார். மடித்தார்.

"இதுக்கு மனுப் போட்டது யாரு?"

"சித்தப்பா."

"என்னண்ட யாரும் கேக்கலை" என்றார். அதோடு பேச்சு நின்றது.

அம்மா என்னைக் கிணற்றடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். "சித்தி ஆத்துல இருக்கப்போறே, எனக்கு ஒரு பயமும் இல்லை. ஆனா அப்பா வாயால 'போய்ட்டு வா'ன்னு வரணும். வராம நீ வாசப்படி தாண்டப்படாது. சத்தியம் பண்ணிக் குடு" என்றாள். நான் அவள் உள்ளங்கையில் அடித்துக் கொடுத்தேன். இரண்டு நாளில் கனைப்பு அடங்கிவிடும் என்ற தைரியம்தான்.

அடங்கவில்லை. கொடியேற்றம் ஆயிற்று, ஒவ்வொரு வாகனமாகப் புறப்பாடு ஆயிற்று. அப்பா விடிவதற்கு முன் போவார், இருட்டிய பிறகு வருவார், கூடத்தில் துண்டை விரித்துப் படுத்துக்கொள்வார். நான் எதிரே போய் நின்றால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். நாள் நெருங்க நெருங்க நான் காலண்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கோ கன்னம் ஒட்டிப்போய்விட்டது. பங்குனி வெயில் வேறு. அடுப்படியில் நின்று சாதம் வடிக்கும்போது ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்வாள்.

பாத்திரம் தேய்க்கிற அம்மாளுக்கே பொறுக்கவில்லை. "இன்னாமா இது அநியாயம்! ஐயிரு கோயில்ல நல்லாத்தான் துன்னுக்கினு கீறாரு, எம் பொண்ணு பாத்துட்டு வந்து சொல்லிச்சி. நீ இன்னாத்துக்கு வயித்தக் காயப்போட்டுக்கினு கீற? நானா இருந்தா வட்டில் நெறைய போட்டுக்கினு அந்தாளு எதிர்க்கவே துன்னுவேன்!" என்றாள். அம்மா காதைப் பொத்திக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அம்மா கிணற்றடியில் விழுந்துவிட்டாள். தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவள் கயிற்றை விட்டாள், அப்படியே சரிந்தாள். அந்த அம்மாள் மட்டும் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தைப் போட்டுவிட்டுப் பாய்ந்து பிடித்திராவிட்டால் தலை கல்லில் மோதியிருக்கும். முகத்தில் தண்ணீர் தெளித்து, மோரைக் கரைத்து வாயில் ஊற்றப் போனால் உதட்டை இறுக்கிக்கொண்டாள். "நாளைக்கு மட்டையடி. அது ஆனா ஆத்துக்கு வந்துடுவார். ஒரு நாள்தானே" என்றாள். எனக்கு அவளை அறையலாம் போல ஆத்திரம், அவளைக் கட்டிக்கொண்டு அழலாம் போல துக்கம். இரண்டும் ஒன்றாக வந்தது.

செருப்புக்கூடப் போடாமல் கோயிலுக்கு ஓடினேன். அப்பா மண்டபத்தில் உட்கார்ந்து மறுநாளைக்கான வாசகத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

"அப்பா, அம்மா மயக்கம் போட்டு விழுந்துட்டா."

உதடு நின்றது. என்னைப் பார்த்தார். அந்த ஒரு நொடி, எழுந்து வந்துவிடுவார் என்று நினைத்தேன். தொண்டையைக் கனைத்தார். பக்கத்தில் இலையில் இருந்த புளியோதரையைப் பொட்டலமாக மடித்து என் பக்கம் நகர்த்தினார். அவ்வளவுதான். மறுபடி முணுமுணுப்பு தொடங்கியது.

அந்தப் பொட்டலத்தை அவர் காலடியிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். பிரசாதமாயிற்றே, மனசு வரவில்லை. கொண்டுவந்து கொடுத்தேன். அம்மா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, ஒரு விரல் நுனி அளவு வாயில் போட்டுக்கொண்டு, "பாத்தியா, அவருக்கு அக்கறை இல்லாம இல்லை" என்றாள். மிச்சத்தை அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கொடுக்கச் சொன்னாள். அடக் கடவுளே என்று தலையில் அடித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை மட்டையடி. தாயார் சன்னிதிக்குள் எங்கள் வீட்டுப் பெண்கள் பூப்பந்தோடு நிற்பது வழக்கம். அம்மாவால் நிற்க முடியாது, நான் போனேன். கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள். உள்ளே கற்பூரப் புகையும் புழுக்கமும். கதவை ஒட்டி அப்பா. அவர் முதுகுக்குப் பின்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் நான். வெளியே நாகஸ்வரம், ஜனங்களின் சத்தம், பல்லக்கு வந்து போகிற ஆரவாரம்.

அப்பா வாயைத் திறந்தார். அத்தனை நாள் பேசாத தொண்டை. முதல் வார்த்தை கரகரத்தது, இரண்டாவது வார்த்தை கல் தூண்களில் பட்டுத் திரும்பியது. எனக்குப் புல்லரித்தது, பொய் சொல்லமாட்டேன். அதே நேரம் பல்லைக் கடித்துக்கொண்டேன். சொல்லாமல் போனீரே, என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீரா, இந்த வீட்டில் எனக்கு என்ன இடம் என்று தாயார் கேட்கிற கேள்விகளை அவர் கேட்கக் கேட்க, அது வாசகம் மாதிரியே இல்லை. வெளியே சித்தப்பா குரலும் வழக்கம்போல இல்லை. சமாதானம் சொல்கிற இடங்களில் தடுமாறியது. ஜனங்களுக்கோ குஷி. "இந்த வர்சம் தாயாருக்கு செம கோவம்பா!" என்று யாரோ கத்துவது உள்ளே கேட்டது.

கடைசியில் பெருமாள் சத்தியம் செய்கிற இடம் வந்தது. இனி உன்னைக் கேட்காமல் எங்கும் போகேன், எதுவும் செய்யேன் என்று சித்தப்பா சொன்னார். அதற்குத் தாயார் மனமிரங்கிக் கதவைத் திறக்கச் சொல்ல வேண்டும். அப்பா பேசவில்லை.

மறந்துவிட்டாரோ என்று முதலில் நினைத்தேன். எட்டிப் பார்த்தேன். மறக்கவில்லை. தாழ்ப்பாளை உற்றுப் பார்த்துக்கொண்டு, தாடை இறுகி நின்றார். வீட்டில் சுவரைப் பார்க்கிற அதே முகம்.

சித்தப்பா இன்னொரு தடவை சத்தியத்தைச் சொன்னார். பதில் இல்லை. நாகஸ்வரக்காரர் வாசிக்கலாமா வேண்டாமா என்று ஒரு சுரத்தை ஊதி நிறுத்தினார். வெளியே நடு வெயில். பல்லக்குச் சுமக்கிறவர்களில் ஒருவர் குரல் கொடுத்தார். "இன்னா சாமி, தோள்பட்ட கயண்டுக்கினு போவுது. தாயாராண்ட சொல்லி சீக்கிரம் தொறக்கச் சொல்லு சாமி!" யாரோ சிரித்தார்கள். பிறகு சிரிப்பும் இல்லை. உள்ளே நின்ற பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எனக்குக் கையில் இருந்த பூப்பந்து வியர்வையில் நசுங்கிப் பிய்ந்துபோயிற்று. இந்த மனுஷர் பெருமாளையே வாசலில் நிற்க வைத்துவிட்டாரே, இனி எனக்காக எங்கே வாய் திறக்கப்போகிறார் என்று தோன்றியது.

அப்பா கேட்டார். "இதைச் சொல்றது பெருமாளா, நீயா?"

அது தாயார் குரல் இல்லை. வீட்டுக் குரல். வெளியே சத்தம் அப்படியே அடங்கியது. சித்தப்பா, கதவுக்கு வெகு அருகில் வந்து, அவரும் வீட்டுக் குரலில் சொன்னார்.

"நான்தான் அண்ணா. ஒன்னைக் கேக்காம மனுப் போட்டது தப்புதான். இனிமே கேக்காம ஒண்ணும் பண்ணமாட்டேன். கதவைத் திற."

அப்பா தோள் குலுங்கியது. மேல்வேஷ்டியால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு, தாயார் சொல்ல வேண்டிய வார்த்தையைக் கணீரென்று சொன்னார். தாழ்ப்பாள் விலகியது. கோவிந்தா, கோவிந்தா என்று கூட்டம் எழுப்பிய சத்தத்தில் மேளச் சத்தமே கேட்கவில்லை. பெருமாள் உள்ளே வந்தார். அண்ணனும் தம்பியும் சன்னிதி என்றும் பாராமல் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நான் கேவிக் கேவி அழுதேன். அப்பாடா, தீர்ந்தது, வேலை என் கையில் என்று சந்தோஷத்தில் அழுதேன்.

அன்று மத்தியானம் அப்பா வீட்டுக்குச் சாப்பிட வந்தார், தம்பியையும் அழைத்துக்கொண்டு. அம்மா எப்படிச் சமைத்தாளோ தெரியாது, கூட்டு, பொரியல், திருக்கண்ணமுது என்கிற பாயசம் வரைக்கும் தயாராக இருந்தது. கூடத்தில் இரண்டு இலை போட்டோம். அப்பா சாப்பிடச் சாப்பிட அம்மா அவர் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். குழம்பு ஆயிற்று, சாத்துமுது என்கிற ரசம் ஆயிற்று. "சாத்துமுது நன்னாயிருக்கு" என்று அப்பா தம்பியிடம் சொன்னார். அம்மா முகத்தைப் பார்க்க வேண்டுமே! தயிர்சாதம் ஒன்றுதான் பாக்கி. அது முடிந்து அவர் எழுந்தால் அவள் சாப்பிடலாம். நான் அதுவரை பொறுத்திருக்கலாம். எனக்குப் பொறுமை கிடையாது.

"அப்பா, நாளன்னிக்கு நான் வேலைல சேரணும். போய்ட்டு வான்னு ஒரு வார்த்தை சொல்லுங்கோ."

அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் இலையில் இருந்த ஒரு பருக்கையை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் அண்ணாக்கு வாக்குக் குடுத்துட்டேம்மா. இனிமே அவன் என்ன சொல்றானோ அதான். வேலை எங்க ஓடிப்போறது, இது இல்லைன்னா இன்னொண்ணு வரும்" என்றார்.

அடப்பாவி மனுஷா! காலையில் ஊர் முன்னால் நீங்கள் இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டது என் வேலையை நடுவில் வைத்துப் பேசிய பேரமா? அந்த வேலைக்காக டைப் அடித்து விரல் தேய்ந்தவள் நான். என்னை ஒருவர்கூடக் கேட்கவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடப் போனேன். அதற்குள் அப்பா நீளமாக ஒரு கனைப்புக் கனைத்தார்.

இடது கையால் பஞ்சபாத்திரத்தை எடுத்து வலது உள்ளங்கையில் தண்ணீர் விட்டுக்கொண்டார். சாப்பாடு முடிந்தது என்று அர்த்தம். அதைக் குடித்துவிட்டால் பிறகு இலையில் எதுவும் போட முடியாது. தயிர்சாதம் சாப்பிடாமல் எழுந்திருக்கப் போகிறார். நாளையிலிருந்து மறுபடி கோயில் புளியோதரை. மறுபடி அம்மா மூலையில் ஒரு டம்ளர் பால். மறுபடி கிணற்றடி.

அம்மா அந்தக் கையைப் பார்த்தாள். சாதப் பாத்திரத்தைக் கீழே வைத்தாள். சமையலறைக்குள் போனவள் ஓர் இலையை எடுத்து வந்தாள். தண்ணீர் தெளித்துத் துடைத்து, அப்பாவுக்கு நேர் எதிரே தரையில் போட்டு உட்கார்ந்தாள். தானே சாதம் வைத்துக்கொண்டாள். சாத்துமுதை விட்டுக்கொண்டாள். பிசைந்து வாயில் வைத்தாள்.

சித்தப்பாவின் விரல் பருக்கைமேல் நின்றது.

"என்னடி பண்றே?" என்றார் அப்பா. அத்தனை நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சாப்பிடறேன். பசிக்கறது."

"நான் இன்னும் எழுந்துக்கலை."

"எழுந்துக்கோங்கோளேன். நான் வேண்டாம்னேனா?"

அடுத்த கவளத்தை உருட்டினாள். மென்று விழுங்கினாள். கண்ணிலிருந்து நீர் வழிந்து தாடையில் சொட்டியது, துடைக்கவில்லை.

"கோவிச்சுக்கணும்னா கோவிச்சுக்கோங்கோ. எத்தனை நாள் வேணும்னாலும் பேசாம இருங்கோ. கோயில்ல சாப்பிடுங்கோ. நான் ஆத்துல சாப்பிட்டுண்டு இருக்கேன். என்னால இனிமே முடியாது" என்றாள்.

அப்பா உள்ளங்கையில் இருந்த தண்ணீர் விரல் இடுக்கு வழியாக ஒழுகி இலையில் விழுந்தது. அவர் அதைக் குடிக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. சித்தப்பா தலையைத் தூக்கவே இல்லை.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "அந்த சத்தியம் போறும். நான் சொல்றேன், திங்கக்கிழமை போய்ட்டு வா. பெட்டில என் நூல் பொடவை ரெண்டு எடுத்து வெச்சுக்கோ, ஆபீஸுக்கு ஆகும்" என்றாள். பிறகு இலையில் சாதத்தை ஒரு பக்கம் ஒதுக்கி, "மோர் கொண்டா. கெட்டியா விடு" என்றாள்.

உள்ளே ஓடி மோர்ச் சட்டியை எடுத்தேன். கொண்டுவந்து விட்டேன். அம்மா அவசரப்படாமல், வழித்து வழித்துச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் சாதம் கேட்டாள், போட்டேன். அவள் சாப்பிட்டு முடித்துக் கையை உதறி எழுந்திருக்கும்வரை அப்பா தன் இலையை விட்டு எழுந்திருக்கவில்லை.